வயல் வேலையே போதாதா? நடை முதல் நடனம் வரை... எந்தப் பயிற்சி மனசுக்கு என்ன செய்யும்?

உடம்பு இளைக்க மட்டும்தான் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மறதி, பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று மனமும் மூளையும் படும் பாட்டுக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆனால், எல்லாப் பயிற்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை!

அரவைப் பருவம் வந்துவிட்டால், கடலூர் - பண்ருட்டி சாலையில் நெல்லிக்குப்பத்தைக் கடப்பதற்குள் கரும்பு ஏற்றிய டிராக்டர்களையும் லாரிகளையும் வரிசையாகப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று சொல்லப்படும் நெல்லிக்குப்பம் ஆலை தொடங்கப்பட்டது 1842-ல். கரும்பு நடுவது, சோகை உரிப்பது, வெட்டுவது, கட்டுவது, சுமப்பது என இந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளின் வாழ்க்கை உடல் உழைப்பிலேயே ஓடியிருக்கிறது.

இப்படி ஒரு ஊரில் போய், "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள், மனசு லேசாகும்" என்று சொன்னால், "காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வயல்லதானே கிடக்கிறோம்... அதைவிடவா பெரிய பயிற்சி?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. அதற்கான பதிலிலிருந்தே தொடங்கலாம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உடலியக்கத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் அதிகமாக இருந்தவர்களுக்கு மனநலம் நன்றாக இருந்தது. ஆனால், வேலையின் பகுதியாகச் செய்யும் உடல் உழைப்பு அதிகமாக இருந்தவர்களிடம் மனநலச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன.

உடம்பு அசைவது இரண்டிலும் ஒன்றுதானே... ஏன் இந்த வித்தியாசம்? மாலையில் கபடி ஆடப்போகிறவர் தானாக விரும்பிப் போகிறார். களைத்தால் உட்காருகிறார், நண்பர்களோடு சிரிக்கிறார். கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர் நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. வெயில், முதுகுவலி, அன்றைய கூலி, அடைக்க வேண்டிய கடன் எல்லாம் கூடவே வருகின்றன. ஒரே மாதிரி அசைவு, ஒரே பக்கத் தசைகள், போதிய ஓய்வும் இல்லை. எனவே, 'உழைக்கிறவர்களுக்கு மனக்கஷ்டம் வராது' என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

மறுபக்கம், உழைக்கும் ஊர்களிலும் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கடைக்கல்லாவில், அலுவலகத்தில், தையல் மெஷினில், செல்போனில் எனப் பொழுது போகிறது. தமிழ்நாடு உட்பட மூன்று மாநிலங்களிலும் சண்டிகரிலும் 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வு, பாதிக்கும் மேற்பட்டவர்கள் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. ஓய்வு நேரத்தில் விளையாட்டு, நடை என எதையாவது செய்பவர்கள் 10 சதவிகிதம்கூட இல்லை.

ஆக, உழைத்துக் களைப்பவருக்கும் உட்கார்ந்தே களைப்பவருக்கும் மனசுக்காகச் செய்யும் பயிற்சி தேவைப்படுகிறது. யாருக்கு எது என்பதில்தான் வித்தியாசம்.

மூளைக்குள் சுரக்கும் 'ஆனந்தம்'

உடற்பயிற்சி செய்யும்போது மூளையில் மூன்று முக்கியமான விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, ரத்த ஓட்டம் கூடுகிறது. மூளைக்குக் கூடுதல் ஆக்சிஜனும் குளுக்கோஸும் கிடைக்கின்றன.

இரண்டாவது, 'பி.டி.என்.எஃப்' என்ற புரதம் அதிகரிக்கிறது. இதை மூளையின் உரம் என்று சொல்லலாம். நரம்பு செல்கள் ஆரோக்கியமாக இருக்கவும், அவற்றுக்கிடையே புதிய இணைப்புகள் உருவாகவும் இது உதவுகிறது.

மூன்றாவது, மனநிலையை மாற்றும் ரசாயனங்கள் சுரக்கின்றன. ஓடி முடித்தவுடன் வரும் ஒருவித இன்பத்துக்கு 'எண்டார்ஃபின்'தான் காரணம் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. ஆனால், ரத்தத்தில் கலக்கும் எண்டார்ஃபின் அவ்வளவு எளிதாக மூளைக்குள் நுழைவதில்லை. அதனால், உடலே தயாரிக்கும் இன்னொரு ரசாயனத்தின் மீது இப்போது விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியிருக்கிறது. அதன் பெயர் 'ஆனந்தமைடு'. 1992-ல் இஸ்ரேலில் இதைக் கண்டறிந்த ஆராய்ச்சியாளர்கள், 'ஆனந்தம்' என்ற இந்தியச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். நடராஜர் ஆனந்தத் தாண்டவம் ஆடும் சிதம்பரம் இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது!

இனி, பயிற்சி வாரியாகப் பார்க்கலாம்.

நடை: ஞாபகத்துக்கு

வயது ஏற ஏற, நினைவாற்றலுக்கு முக்கியமான 'ஹிப்போகேம்பஸ்' என்ற மூளைப்பகுதி மெல்லச் சுருங்கும். இதைத் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேர் வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடங்கள் வேகமாக நடந்தார்கள். மீதிப்பேர் உடம்பை வளைத்து நீட்டும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவிகிதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. 2011-ல் வெளியான இந்த முடிவு, 'வயதானால் மூளை தேய்வது மட்டும்தான்' என்ற எண்ணத்தை மாற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கும் நடையே பலன் தரும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியிருக்கிறது. எட்டு கிலோமீட்டரையும் முதல் நாளே நடந்து முடிக்க வேண்டியதில்லை. கடலூர்க்காரர்களுக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் இருப்பவர்களுக்குக் கரும்பு வயல்களுக்கு நடுவே போகும் பாதைகள் போதும்.

ஓட்டம்: கற்றலுக்கும் உற்சாகத்துக்கும்

பரீட்சை நெருங்கினால் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுக்குத்தான் முதலில் தடை விழும். ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 27 இளைஞர்கள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டும், ஒரு நாள் மெதுவாக ஓடிவிட்டும், இன்னொரு நாள் தலா மூன்று நிமிடங்கள் வீதம் இரண்டு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டும் புதிய வார்த்தைகளைக் கற்றார்கள். வேகமாக ஓடிய நாளில் 20 சதிவிகிதம் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

மொத்தமே ஆறு நிமிட ஓட்டம்! டியூஷனுக்குப் போகும் முன் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவது நேரவிரயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இதயநோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேக ஓட்டத்தில் இறங்க வேண்டாம்.

எடைப் பயிற்சி: சோர்வுக்கு

தசையை வலுவாக்கும் பயிற்சி என்றால் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், மனச்சோர்வுக்கு அது நன்றாக உதவுகிறது. 1,877 பேர் பங்கேற்ற 33 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை, எடைப் பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததாகச் சொல்கிறது. இன்னொரு முக்கியமான தகவல், அவர்களுடைய தசை எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்து இந்தப் பலன் மாறவில்லை. அதாவது, 'பாடி பில்டர்' ஆக வேண்டிய அவசியம் இல்லை. செய்தாலே போதும்.

'நம்மால் எதுவும் முடியாது' என்ற எண்ணம் மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. போன வாரம் ஐந்து முறை செய்ததை இந்த வாரம் எட்டு முறை செய்ய முடிகிறபோது அந்த எண்ணத்தில் சிறு விரிசல் விழுகிறது.

இதற்குச் செலவும் தேவையில்லை. தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம் எல்லாம் நம் ஊர் எடைப் பயிற்சிகளே. வீட்டில் இருக்கும் பெண்கள், நாற்காலியில் கைகளை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களே 'டம்பெல்ஸ்'.

யோகாவும் மூச்சுப்பயிற்சியும்: பதற்றத்துக்கு

இந்த விஷயத்தில் முக்கியமான ஆய்வுகள் பக்கத்துப் புதுச்சேரியிலேயே நடந்திருக்கின்றன. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையினர், 27 மாணவர்களுக்கு 12 வாரங்கள் யோகா பயிற்சி கொடுத்து, 1992-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விளக்கு எரிவதைப் பார்த்ததும் பட்டனை அழுத்த அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம், சராசரியாக 270 மில்லி விநாடிகளிலிருந்து 225 ஆகக் குறைந்தது. ஒலியைக் கேட்டு அழுத்தும் நேரம் 194-லிருந்து 157 ஆனது. மூளை தகவலை வாங்கி, முடிவெடுத்து, கைக்குக் கட்டளை அனுப்பும் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

யோகாவையும் நடையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010-ல் அமெரிக்காவில் வெளியானது. இரண்டு குழுக்களும் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் வீதம் 12 வாரங்கள் பயிற்சி செய்தன. நடந்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு மனநிலை அதிகம் மேம்பட்டது, பதற்றமும் அதிகம் குறைந்தது. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனம் கூடியதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 34 பேர்தான் என்பதால், இதை ஒரு தொடக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2004 சுனாமியில் கடலூர் கடலோரம் பட்ட துயரத்தை இந்த மாவட்டம் மறக்க முடியாது. அதே அலை தாக்கிய அந்தமானில், உயிர் பிழைத்தவர்களில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகா பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயம், பதற்றம், சோகம், தூக்கக் கலக்கம் ஆகியவை குறைந்ததாக 2007-ல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. பெரும் அதிர்ச்சிக்கு ஒரு வார யோகா முழு சிகிச்சை ஆகிவிடாது. ஆனால், மற்ற உதவிகளோடு இதுவும் சேர்ந்தால் பலன் உண்டு.

நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கும் இதுவே பொருத்தமானது. அவர் மாலையில் மறுபடி ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டு, பத்து நிமிடங்கள் இருந்தாலே உடம்பு 'வேலை முடிந்தது' என்று புரிந்துகொள்ளும்.

நடனம்: மறதி வராமல் இருக்க

சிதம்பரம் கோயிலின் கோபுர வாசல்களில், பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் சிற்பங்களாக இருக்கின்றன. மகா சிவராத்திரியையொட்டி 1981 முதல் இங்கே நாட்டியாஞ்சலி நடந்துவருகிறது. அந்த ஆட்டத்தை மூளையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். அடுத்த அடியை நினைவில் வைக்க வேண்டும், தாளத்தைக் கேட்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், முகத்தில் பாவம் காட்ட வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில்!

நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்றை, இந்திய வம்சாவளி நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் தலைமையிலான குழு 2003-ல் வெளியிட்டது. உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில், 'டிமென்ஷியா' எனும் மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவதோடு தொடர்புடையதாக இருந்தது நடனம் மட்டுமே. புத்தகம் வாசிப்பது, இசைக்கருவி வாசிப்பது போன்ற மூளைக்கு வேலை தரும் பழக்கங்களுக்கும் அந்தத் தொடர்பு இருந்தது. ஜெர்மனியில் முதியவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வில், வழக்கமான பயிற்சி செய்தவர்கள், நடனம் கற்றவர்கள் இரு தரப்புக்குமே ஹிப்போகேம்பஸ் பெரிதானது. உடல் சமநிலை மேம்பட்டதோ நடனம் கற்றவர்களுக்கு மட்டும்தான். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதுமையில் எவ்வளவு பெரிய துன்பம் என்பது முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும்.

பரதம்தான் ஆட வேண்டும் என்றில்லை. கும்மி, கோலாட்டம் எல்லாம் இதே கணக்குதான். பேத்தியின் ரீல்ஸ் ஸ்டெப்பைப் பாட்டி கற்றுக்கொண்டாலும் மூளைக்கு லாபமே.

கபடியும் சிலம்பமும்: தனிமைக்கு

எந்தப் பயிற்சி செய்பவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள்? அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் தகவல்களைக் கொண்டு 2018-ல் இதை அலசினார்கள். பயிற்சி செய்பவர்களுக்கு, செய்யாதவர்களைவிட மனம் சரியில்லாத நாள்கள் 43 சதவிகிதம் குறைவாக இருந்தன. எல்லா வகைப் பயிற்சிகளுக்கும் பலன் தெரிந்தது. அவற்றில் முதலிடம் குழு விளையாட்டுகளுக்கு (22.3 சதவிகிதம்), அடுத்து சைக்கிள் ஓட்டுவது (21.6 சதவிகிதம்). நல்ல மனநிலையில் இருப்பவர்களே அதிகம் விளையாடப் போகிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். என்றாலும், கூடி விளையாடுவதில் உடலசைவோடு நட்பும் சேர்கிறது என்பதை மறுக்க முடியாது.

கபடிக்கு நம் கிராமங்களில் கோடு போட இடம் இருந்தால் போதும். சிலம்பம், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எதிராளியின் கம்பைக் கவனித்துக்கொண்டே தன் காலடியையும் கணக்கிட வேண்டிய சிலம்பம், கவனத்துக்கும் நல்ல பயிற்சி.

எவ்வளவு நேரம்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியும், இரண்டு நாள்கள் தசை வலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் செய்தால் அதிகம் பலன் என்பது மனநலத்தில் செல்லாது. மேலே சொன்ன 12 லட்சம் பேர் ஆய்வில், ஒரு முறைக்கு 45 நிமிடங்கள், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள்கள் செய்தவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு குறிப்பு:

* மறதி, மந்தம்: வேக நடை, நடனம்
* படிப்பில் கவனம்: குறுகிய நேர வேக ஓட்டம், ஓடியாடும் விளையாட்டு
* எதிலும் பிடிப்பில்லாத சோர்வு: எடைப் பயிற்சி, நடை
* படபடப்பு, பதற்றம்: யோகா, மெதுவான மூச்சுப்பயிற்சி
* தனிமை: கபடி, இறகுப்பந்து, நாலு பேரோடு நடை
* உழைத்துக் களைத்த உடம்பு: நீட்டல் பயிற்சி, மூச்சுப்பயிற்சி

கடலோர மாவட்டத்தின் கோடை, வெயிலோடு புழுக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள்ளோ, சூரியன் இறங்கிய பிறகோ பயிற்சி செய்வது நல்லது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரைக்குப் பதிலா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் இருந்த 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு மாத்திரை, மூன்றாவதுக்கு இரண்டும். 16 வாரங்கள் கழித்து மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு முன்னேற்றம் சீக்கிரம் தெரிந்தது. 1999-ல் வெளியான இந்த ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டு, யாரும் சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் பயிற்சி செய்தவர்கள்.

இன்னொன்றையும் வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே மலையேறுவது போல. அவரிடம், "எழுந்து வாக்கிங் போனா எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு நகர்வதால் குற்ற உணர்வுதான் கூடும். "வா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போவதே உதவி.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆர்வமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. சிதம்பரத்தில் உள்ள கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'டெலி மானஸ்' எனும் 24 மணி நேர இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்கள், தங்களுக்குப் பிடித்த ஒன்றில் பத்து நிமிடங்களோடு தொடங்கலாம். பிடித்ததைச் செய்வதுதான் முக்கியம். கட்டாயத்துக்குச் செய்தால், அதுவும் இன்னொரு வேலையாகிவிடும்!